ஏற்றத்தில் திடீரென்று புல்லிங் போகும் டீசல் வேன்: டர்போவைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

சேலத்திலிருந்து லோடோடு வரும் வேன் தொப்பூர் மேட்டில் பாதி ஏறியதும் செத்துப்போகிறது. மூன்றாம் கியருக்கு இறக்கினாலும் 40-ஐத் தாண்டாது. ஓரங்கட்டி, சாவியை ஆஃப் செய்து மறுபடி போட்டால் எதுவுமே நடக்காத மாதிரி ஏறிப் போகும். மறுநாள் தருமபுரியில் ஒர்க்‌ஷாப்பைச் சுற்றி அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தால் குறையே தெரியாது. கடைசியில் “டர்போ போயிடுச்சு, மாத்திடுங்க” என்று சொல்லிவிடுவார்கள். டர்போவை மாற்றியும் அதே மேட்டில் அதே குறை வரும்.

உண்மையில் டர்போ போன வண்டி எப்போதுமே இழுக்காது. நீல புகை அடிக்கும், விசில் மாறும், ஆயில் குறையும். ஒரு நேரம் இழுத்து ஒரு நேரம் இழுக்காத வண்டியில் குறை பெரும்பாலும் டர்போவுக்கு வெளியேதான் இருக்கும்: ஓஸ், வேக்யூம் லைன், சோலனாய்டு (மின்சாரத்தில் திறந்து மூடும் வால்வு), சென்சார், வயரிங், டீசல் சப்ளை. இதற்கு ஒரு விலக்கு உண்டு, விஜிடி டர்போவில் கரி பிடித்துச் சிக்கும் வேன் (வண்டி அல்ல, டர்போவின் எக்ஸாஸ்ட் பக்கம் கோணம் மாறும் சின்னத் தகடுகள்; அவை உள்ள டர்போதான் விஜிடி). அதைக் கடைசியில் பார்ப்போம்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒரே கேள்வி. பவர் போன அந்த நொடியில் எந்த அளவு முதலில் விழுந்தது? பூஸ்டா (டர்போ அழுத்திக் கொடுக்கும் காற்று), ரெயில் பிரஷரா (இன்ஜெக்டர்களுக்கெல்லாம் பொதுவான ரெயில் குழாயில் டீசலின் அழுத்தம்), இல்லை இசியு (இன்ஜினின் கம்ப்யூட்டர்) தானாகவே கேட்பதைக் குறைத்துக்கொண்டதா? இது தெரியாமல் பாகம் மாற்றுவது இருட்டில் கல் எறிவது. இங்கே சொல்வது காமன்ரெயில் டர்போ டீசல் வேன், பிக்கப் எல்லாவற்றுக்கும் பொருந்தும். அளவுகள் இன்ஜினுக்கு இன்ஜின் மாறும் என்பதால் கம்பெனி மேனுவல் கையில் இருந்தால் அதையே நம்புங்கள்.

1. முதலில் டிரைவரைக் கேளுங்கள்

பானெட்டைத் தூக்கும் முன் பத்து நிமிடம் வண்டி ஓட்டுகிறவரிடம் பேசினால் பாதி வேலை முடிந்துவிடும். “புல்லிங் இல்லண்ணா” என்பதோடு விட்டுவிடக் கூடாது. எப்படித் திரும்பி வருகிறது என்று கேளுங்கள்.

சாவியை ஆஃப் செய்து உடனே போட்டதும் சரியானால் அது லிம்ப் மோடு. பூஸ்டோ வேறொன்றோ எல்லை மீறியதைப் பார்த்து, இன்ஜினைக் காப்பாற்ற இசியு தானே டீசலையும் பூஸ்டையும் குறைத்திருக்கிறது. இந்த நிலையில் கோடு (இசியு குறித்து வைக்கும் குறை எண்) ஏதாவது பதிவாகியிருக்கும், விளக்கு எரியாவிட்டாலும் கூட.

சாவியை ஆஃப் செய்தும் பயனில்லை, பத்துப் பதினைந்து நிமிடம் நின்றால்தான் சரியாகிறது என்றால் டீசல் டேங்க்கைச் சந்தேகப்படுங்கள். டேங்க்கில் கிடக்கும் பாலிதீன் துண்டோ துருவோ உறிஞ்சும் குழாயின் வாயில் போய் ஒட்டும். இன்ஜின் நின்றதும் இழுப்பு நின்று, அது அடியில் படிந்துவிடும். சூட்டில் கெடும் சோலனாய்டும் சென்சாரும் இப்படித்தான் நடிக்கும்.

ஆக்சிலேட்டரை விட்டு மிதித்தால் தானே வருகிறது என்றால் உள்ளே மடங்கும் ஓஸ், சிக்கும் வேன், பெடல் சென்சார், லூஸ் கனெக்டர் ஆகியவற்றில் ஒன்று. “ஒரு இழு இழுத்துட்டு அப்படியே செத்துடுது” என்றால் ஓவர்பூஸ்ட், அதாவது பூஸ்ட் அளவுக்கு மேல் எகிறுகிறது.

புகையையும் கேளுங்கள். பவர் போகும்போது பின்னால் கரும்புகை என்றால் டீசல் வருகிறது, காற்று வரவில்லை. புகையே இல்லாமல் சாதுவாகச் செத்தால் டீசல் குறைந்திருக்கிறது. அது இசியு குறைத்ததாகவும் இருக்கலாம், பம்ப்புக்கு வந்து சேராததாகவும் இருக்கலாம். “லோடு ஏத்துனா மட்டும் புஸ்ஸுன்னு சத்தம்” என்று சொன்னால் மேலே படிக்க வேண்டியதில்லை, ஓஸைப் பாருங்கள்.

2. கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

ஓடும்போதே லைவ் டேட்டாவைப் பதிவு செய்யும் ஸ்கேனர், கேஜ் உள்ள கை வேக்யூம் பம்ப், மல்டிமீட்டர், சோப்புத் தண்ணீர், 5 மீட்டர் வேக்யூம் ஓஸ், ஒரு டீ கனெக்டர். போனோடு சேரும் மலிவு ரீடர் கோடு படிக்க உதவும். ஆனால் எல்லா வணிக வண்டியோடும் அது பேசாது, இசியு கேட்ட பூஸ்டையும் உண்மையில் கிடைத்த பூஸ்டையும் ஒன்றாகக் காட்டவும் செய்யாது. அந்த இரண்டு எண்ணும் தெரியாத ஸ்கேனர் இந்த வேலைக்குப் போதாது.

3. கோடைப் படியுங்கள், அழிக்காதீர்கள்

படித்ததும் அழித்துவிட்டு “திரும்ப வருதான்னு பார்ப்போம்” என்பது நம் ஊர்ப் பழக்கம். கோடோடு சேர்ந்து அந்த நேரத்து வேகம், ஆர்பிஎம், லோடு, சூடு எல்லாம் பதிவாகியிருக்கும். முதலில் அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பி0299 என்றால் பூஸ்ட் குறைவு, பி0234 என்றால் பூஸ்ட் அதிகம். பி0235 முதல் பி0238 வரை பூஸ்ட் சென்சார் அல்லது அதன் வயர். பி0045 டர்போ கண்ட்ரோல் சோலனாய்டின் மின் இணைப்பு. பி2263 டர்போ சரியாக வேலை செய்யவில்லை என்ற பொதுப் புகார். பி0087 ரெயில் பிரஷர் குறைவு. பி0299-ஐப் பார்த்ததும் டர்போவுக்கு ஆர்டர் போடாதீர்கள். பூஸ்ட் வரவில்லை என்று மட்டுமே அது சொல்கிறது, ஏன் வரவில்லை என்று சொல்வதில்லை.

4. ஐந்து நிமிடச் சோதனை: சாவி ஆன், இன்ஜின் ஆஃப்

இன்ஜின் ஓடாதபோது பூஸ்ட் சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தைத்தான் காட்ட வேண்டும். கடல் மட்டத்தில் அது சுமார் 101 கிலோ பாஸ்கல். தருமபுரி 450 மீட்டருக்கு மேல் இருப்பதால் இங்கே 95, 96 காட்டினால் சரி. ஓசூர் 900 மீட்டரை ஒட்டி இருப்பதால் அங்கே 91 அளவில் இருக்கும். “101 வரணும், 91தான் வருது” என்று ஓசூரில் நல்ல சென்சாரைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். இசியுவுக்குத் தனியாக வெளிக்காற்று சென்சார் இருந்தால் இரண்டையும் ஒப்பிடுங்கள். 3 கிலோ பாஸ்கலுக்கு மேல் வித்தியாசம் வந்தால் பூஸ்ட் சென்சாரைக் கழற்றிப் பாருங்கள். வாயில் ஆயிலும் கரியும் சேர்ந்து தார் மாதிரி அடைத்திருக்கும். சென்சார் கிளீனர் அடித்து உலரவிடுங்கள், ஊசியால் குத்தாதீர்கள்.

இதே நேரத்தில் ஏர் பில்டரையும் திறந்துவிடுங்கள். கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் கிரானைட் குவாரிச் சாலையில் ஓடும் வண்டிக்குச் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள கிலோமீட்டர் கணக்கு உதவாது. கல்தூசி மாவு மாதிரி காகித மடிப்புக்குள் இறங்கிவிடும். கம்ப்ரசர் காற்றை நெருக்கிப் பிடித்து ஊதினால் காகிதம் கிழியும். கிழிந்த பில்டர் வழியாகப் போகும் தூசி டர்போவின் காற்றுச் சக்கர விளிம்பை மொட்டையாக்கிவிடும். பில்டரைத் தாண்டிய ஓஸின் உள்ளே விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள். லேசான ஆயில் படலம் இருப்பது சகஜம், மணல் நறநறப்பு இருக்கக் கூடாது.

5. லோடு ஏற்றி, ஏற்றத்தில் பதிவு செய்யுங்கள்

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நின்ற இடத்தில் ஆக்சிலேட்டரை முறுக்கினால் டர்போ முழு பூஸ்ட் கொடுக்காது. லோடு வேண்டும், ஏற்றம் வேண்டும். அதற்காகத் தொப்பூர் கணவாயைச் சோதனைக் களமாக்க வேண்டாம். விபத்துக்குப் பேர்போன இடம், பவர் செத்து 30-இல் ஊரும் வண்டிக்குப் பின்னால் என்ன வரும் என்று சொல்ல முடியாது. கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஓசூர் போகும் பாதை இதற்கு வசதி. மொத்தத்தில் 350 மீட்டருக்கு மேல் உயரம் கூடும், ஓரங்கட்டவும் இடம் கிடைக்கும். ஓட்ட ஒருவர், ஸ்கேனர் பார்க்க இன்னொருவர். ஓட்டுகிறவர் திரையைப் பார்க்கவே கூடாது.

வழக்கமான லோடையே ஏற்றுங்கள். தக்காளிப் பெட்டி ஏற்றும் வண்டிக்குக் குறை வருவது தக்காளிப் பெட்டியோடுதான். பதிவில் ஏழு விஷயம் போதும்: ஆர்பிஎம், பெடல் சதவீதம், கேட்ட பூஸ்ட், கிடைத்த பூஸ்ட், கேட்ட ரெயில் பிரஷர், கிடைத்த ரெயில் பிரஷர், சோலனாய்டு டியூட்டி (இசியு அதற்குக் கரண்ட் கொடுக்கும் நேரத்தின் சதவீதம்). இருபது விஷயத்தைத் தேர்ந்தெடுத்தால் ஸ்கேனர் மெதுவாகி, விழுந்த அந்த நொடியைத் தவறவிடும். நான்காம் கியரில் 1,500 ஆர்பிஎம்மிலிருந்து பெடலை முழுக்க மிதித்து 3,000 வரை ஏற விடுங்கள். மூன்று நான்கு முறை செய்யுங்கள்.

வேக்யூமில் ஓடும் டர்போ என்றால் இன்னொரு வேலையும் செய்யலாம். ஆக்சுவேட்டருக்கு (டர்போவின் வேனை ராடு வழியாக நகர்த்தும் பாகம்) போகும் சின்ன ஓஸில் டீ கனெக்டர் போட்டு, 5 மீட்டர் ஓஸை ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்து, வேக்யூம் கேஜை டேஷ்போர்டில் டேப் போட்டு ஒட்டுங்கள். சைலன்சர் பக்கமும் ஃபேன் பக்கமும் ஓஸ் போகாமல் கட்ட வேண்டும். பவர் போகும் நொடியில் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தாலே வேக்யூம் பக்கமா, டர்போ பக்கமா என்று பிரிந்துவிடும். முள் விழுந்து பூஸ்டும் விழுந்தால் குறை வேக்யூம் பக்கம். முள் அசையாமல் நிற்க பூஸ்ட் மட்டும் விழுந்தால் ஓஸ் அல்லது டர்போ.

இப்போது பதிவைப் பாருங்கள். கேட்ட பூஸ்ட் 220 கிலோ பாஸ்கல், கிடைத்தது 160, ரெயில் பிரஷர் சரி என்றால் அடுத்து 6, 7-ஆம் பகுதிகளைப் படியுங்கள். கிடைத்தது கேட்டதைத் தாண்டி எகிறி, பிறகு எல்லாம் விழுந்தால் 7. பூஸ்ட் விழும் முன்பே ரெயில் பிரஷர் கேட்டதைவிட 100 பார், 200 பார் கீழே போனால் 8. கேட்ட பூஸ்டே திடீரென்று இறங்கி, கிடைத்ததும் ஒழுங்காகப் பின்னால் இறங்கினால் டர்போ சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறது, கட்டளைதான் மாறியிருக்கிறது. அதற்கு 9.

6. காற்று கசிகிறதா

பானெட்டுக்குள் டார்ச் அடித்து டர்போவிலிருந்து இன்டர்கூலர் வரை, அங்கிருந்து இன்டேக் வரை ஓஸைத் தடவிக்கொண்டே போங்கள். ஆயிலும் கல்தூசியும் சேர்ந்து கருப்புக் களியாக ஒட்டியிருக்கும் இடம்தான் கசியும் இடம். ஓஸின் அடிப்பக்கம், கிளிப்புக்குக் கீழே, சேஸிஸில் உரசும் வளைவு, இந்த மூன்றும் கண்ணுக்குத் தெரியாத இடங்கள். கை வைத்து அமுக்கினால் வாய் திறக்கும் வெடிப்பு, விட்டால் மூடிக்கொள்ளும். ஐடிலில் பார்த்தால் நல்ல ஓஸ் போலவே இருக்கும், லோடில்தான் வாயைப் பிளக்கும்.

கண்ணுக்கு அகப்படாவிட்டால் காற்று ஏற்றிப் பாருங்கள். டர்போவின் இன்லெட் ஓஸ் அளவுக்கு ஒரு பிவிசி எண்ட் கேப் வாங்கி, நடுவில் துளை போட்டு டியூப்லெஸ் வால்வைப் பொருத்துங்கள். ஏர் பில்டரைக் கழற்றிய ஓஸில் கேப்பைச் செருகிக் கிளிப் போட்டு, கிராங்க்கேஸ் பிரீதர் ஓஸையும் அடைத்து, 10 பிஎஸ்ஐ காற்று ஏற்றுங்கள். 15-ஐத் தாண்டக் கூடாது, கேப்புக்கு நேரே நிற்கவும் கூடாது. ரெகுலேட்டர் இல்லாத கம்ப்ரசரில் இதைச் செய்யவே வேண்டாம். பிறகு சோப்புத் தண்ணீர். இன்டர்கூலரின் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் மடிப்பில் நுரை வந்தால் இன்டர்கூலரை மாற்ற வேண்டும், எம்-சீல் நிற்காது. சைலன்சர் வழியே காற்று போனால் ஏதோ ஒரு சிலிண்டரில் வால்வு திறந்திருக்கிறது. கிராங்க்கைச் சற்றுத் திருப்பிவிட்டு மறுபடி பாருங்கள்.

புது ஓஸ் மாட்டும்போது இரண்டு பக்கக் குழாயையும் பிரேக் கிளீனர் போட்டு ஆயில் இல்லாமல் துடையுங்கள். ஆயில் பிசுக்கில் மாட்டிய ஓஸ் முதல் மேட்டிலேயே கழன்று வரும்.

7. வேக்யூம், சோலனாய்டு, ஆக்சுவேட்டர்

முதலில் உங்கள் டர்போ எந்த வகை என்று பாருங்கள். வேக்யூம் ஆக்சுவேட்டர் உள்ள விஜிடியில் வேக்யூம் இல்லாவிட்டால் வேன் திறந்தே இருக்கும், பூஸ்ட் வராது. காற்றழுத்தத்தால் திறக்கும் சாதாரண வேஸ்ட்கேட்டில் தலைகீழ்: அந்தச் சின்ன ஓஸ் வெடித்தால் கேட் திறக்காது, பூஸ்ட் எகிறும். எலெக்ட்ரிக் ஆக்சுவேட்டர் என்றால் வேக்யூம் வேலையே இல்லை. கனெக்டர், உள்ளே உள்ள கியர் இரண்டையும் பார்க்க வேண்டும். மாற்றினால் ஸ்கேனரில் லேர்னிங் (புதுப் பாகத்தை இசியுவுக்குப் பழக்குவது) செய்தே ஆக வேண்டும்.

வேக்யூம் பம்ப்பில் நேரடியாகக் கேஜ் மாட்டி ஐடிலில் பாருங்கள். 600 மி.மீ. பாதரசமோ அதற்கு மேலோ வந்தால் பம்ப் சரி. ஓசூரில் வெளிக்காற்றே 683 அளவுதான் என்பதால் அங்கே 700-ஐ எதிர்பார்க்காதீர்கள். பிரேக் பூஸ்டருக்கும் இதே பம்ப்தான். பிரேக் பெடல் கட்டியாகிறது என்றும் டிரைவர் சொன்னால் இங்கேயே நில்லுங்கள்.

அடுத்து சின்ன ஓஸ்கள். எக்ஸாஸ்ட் சூட்டில் முனை காய்ந்து வாய் பிளந்திருக்கும், சில நேரம் எலி கடித்திருக்கும். முனையை வெட்டி மறுபடி செருகுவது வழிச் சமாளிப்புதான். மீட்டர் கணக்கில் நல்ல ஓஸ் வாங்கி முழுதாக மாற்றுங்கள்.

சோலனாய்டில் மூன்று வாய் இருக்கும்: வேக்யூம் வரும் வழி, ஆக்சுவேட்டருக்குப் போகும் வழி, வெளிக்காற்று உள்ளே வரும் வழி. மூன்றாவதை யாரும் பார்ப்பதில்லை. அதன் சின்னப் பஞ்சு பில்டர் தூசியில் அடைத்தால் ஆக்சுவேட்டரில் இருக்கும் வேக்யூம் சீக்கிரம் வெளியேறாது, வேன் மூடியபடியே நிற்கும், பூஸ்ட் எகிறி பி0234 விழும். சின்னப் பஞ்சுக்காக டர்போவையே மாற்றிவிடுகிறார்கள். காயிலின் ரெசிஸ்டன்ஸ் பெரும்பாலும் 10 முதல் 20 ஓம். குளிரில் சரியாக இருந்து சூட்டில் ஓப்பன் ஆகும் காயிலும் உண்டு. ஹேர் டிரையரில் சூடாக்கிக்கொண்டே மீட்டரைப் பாருங்கள். இஜிஆருக்கும் (எக்ஸாஸ்ட் புகையில் கொஞ்சத்தை இன்டேக்குக்குத் திருப்பும் வால்வு) அதே பார்ட் நம்பர் சோலனாய்டு இருந்தால் இரண்டையும் இடம் மாற்றி ஓட்டிப் பாருங்கள். குறை இடம் மாறினால் காசு செலவில்லாமல் விடை வந்துவிட்டது.

ஆக்சுவேட்டரில் கை பம்ப்பை மாட்டி மெதுவாக இழுங்கள். ராடு படிப்படியாக, தடையில்லாமல் நகர வேண்டும். 450 மி.மீ.-இல் நிறுத்தினால் ஒரு நிமிடம் முள் இறங்கக் கூடாது, இறங்கினால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. விட்டதும் ராடு ஒரே வீச்சில் திரும்ப வேண்டும். நடுவில் நின்று, தட்டினால் நகர்ந்தால் உள்ளே வேன் சிக்குகிறது. குளிர்ந்த இன்ஜினில் ஒருமுறை, ஓட்டி வந்த சூட்டில் ஒருமுறை பாருங்கள். சூட்டில் மட்டும் சிக்கும் டர்போதான் ஒர்க்‌ஷாப்பில் அகப்படாமல் மேட்டில் அகப்படுவது. எக்ஸாஸ்ட் பக்கம் கையில் தோல் உறை இல்லாமல் போகாதீர்கள். ஆக்சுவேட்டருக்கு நேராக வேக்யூம் கொடுத்துவிட்டு ரோட்டில் ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம், இன்ஜின் போய்விடும்.

8. டீசல் பக்கம்

முதல் சோதனைக்குச் செலவே இல்லை. குறை வந்ததும் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. டீசல் பில்டரின் அடியில் தண்ணீரை வடியுங்கள். பில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவில் ஒரு சாண் கண்ணாடி ஓஸ் போட்டால் காற்றுக் குமிழி தெரியும். தொடர்ந்து குமிழி வந்தால் டேங்க்கிலிருந்து வரும் லைனில் எங்கோ காற்று இழுக்கிறது, டீசல் கசியாமலே. அடுத்து டேங்க்கின் உறிஞ்சும் யூனிட்டைத் தூக்கி வலையைப் பாருங்கள்.

ரெயில் பிரஷர் ஐடிலில் 250 முதல் 350 பார், லோடில் ஆயிரத்தைத் தாண்டும். ஓடும் இன்ஜினில் ஹை பிரஷர் பைப்பை லூஸ் செய்து பார்க்கும் பழைய பம்ப் காலத்துப் பழக்கம் இங்கே ஆகாது. அந்த டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், கையையே எடுக்க வேண்டி வரலாம்.

9. மற்றவை, சுருக்கமாக

இஜிஆர் வால்வு திறந்தபடி சிக்கினால் கரும்புகையும் பூஸ்ட் குறைவும் சேர்ந்து வரும். கழற்றிக் கரியைச் சுத்தம் செய்யுங்கள், தகடு வைத்து அடைக்காதீர்கள். சைலன்சர் அடைப்பைப் பார்க்க, டர்போவுக்குப் பின்னால் உள்ள சென்சார் துளையில் கேஜ் மாட்டி 2,500 ஆர்பிஎம் கொடுங்கள். லோடில்லாமலே 3 பிஎஸ்ஐக்கு மேல் போனால் கேட்டலிஸ்டோ டிபிஎஃப்போ (புகையின் கரியைப் பிடிக்கும் பில்டர்) அடைத்திருக்கிறது. இசியு தானே கட்டளையைக் குறைத்திருந்தால் கூலண்ட் சூடு, பெடல் சென்சார், பிரேக் சுவிட்ச் மூன்றையும் லைவ் டேட்டாவில் பாருங்கள். பிரேக் மிதிக்காதபோதும் சுவிட்ச் ஆன் என்று காட்டினால் பவர் வெட்டப்படும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்6 வண்டியில் டிபிஎஃப் கரி அளவையும், யூரியா கரைசல் ஊற்றும் வண்டியானால் அந்தச் சிஸ்டத்தின் எச்சரிக்கையையும் பாருங்கள். யூரியா தீர்ந்ததற்கு டர்போவைக் கழற்றிய கதையெல்லாம் உண்டு.

இன்ஜின் அசையும்போது இழுபடும் இடங்களில் வயரிங்கை ஐடிலில் ஆட்டிப் பாருங்கள். எண் துள்ளினால் அங்கேதான்.

10. டர்போவைத் தொடும் நேரம்

இத்தனையும் சரி, ராடு மட்டும் சிக்குகிறது என்றால் இப்போது கழற்றலாம். இன்லெட் ஓஸைக் கழற்றி ஷாஃப்டைப் பிடித்து ஆட்டுங்கள். மேலும் கீழும் லேசாக ஆடுவது ஆயில் படலத்துக்கான இடம், அது குறையல்ல. முன்னும் பின்னும் நகர்வது விரலுக்குத் தெரியவே கூடாது. சக்கரம் உறையில் உரசிய தடம் இருந்தால் கோர் (ஷாஃப்டும் சக்கரங்களும் சேர்ந்த நடுப்பாகம்) மாற்ற வேண்டும்.

வேன் சுத்தம் செய்யும்போது உறைகள் எந்தக் கோணத்தில் இருந்தன என்று குறி போட்டுவிட்டுப் பிரியுங்கள். ராடின் நீளத்தையும் ஸ்டாப் ஸ்க்ரூவையும் திருப்பவே திருப்பாதீர்கள். அந்த ஸ்க்ரூ அளவு மெஷினில் காற்றோட்டம் வைத்துச் செட் செய்தது, கண் பார்வையில் திரும்ப வராது. இன்டேக் வழியாக ஸ்ப்ரே அடித்து வேன் கரியைக் கரைக்கலாம் என்று விற்பதை நம்பாதீர்கள். கரி இருப்பது எக்ஸாஸ்ட் பக்கம்.

கோர் மாற்றினால் டர்போவுக்கு ஆயில் கொண்டுவரும் ஃபீட் பைப்பையும் புதிதாகப் போடுங்கள். உள்ளே ஆயில் கரிந்து பாதி அடைத்த பழைய பைப்பை மாட்டியதால்தான் பல புது டர்போக்கள் சில வாரத்தில் திரும்பி வருகின்றன. பைப்பை மாட்டும் முன் டர்போவின் ஆயில் துளையில் ஆயிலை ஊற்றிக் கையால் சுற்றுங்கள். இன்டர்கூலரைக் கழற்றிக் கவிழ்த்து உள்ளே தேங்கிய ஆயிலை முழுக்க வடியுங்கள். அதை விட்டுவிட்டால் இன்ஜின் அந்த ஆயிலையே எரித்து, சாவியை ஆஃப் செய்தாலும் நிற்காமல் ஓடும். அப்படி ஓடினால் பிரேக்கை அழுத்தி, டாப் கியரில் கிளட்சை விட்டு இன்ஜினை நிறுத்துங்கள். இன்லெட்டைக் கையால் மூடப் போகாதீர்கள்.

வேலை முடிந்ததும் கோடை அழித்து, அதே லோடோடு அதே ஏற்றத்தில் அதே ஏழு விஷயத்தை மறுபடி பதிவு செய்யுங்கள். கேட்ட பூஸ்டும் கிடைத்த பூஸ்டும் ஒன்றையொன்று ஒட்டியே போனால்தான் வண்டியைக் கொடுங்கள். அந்தப் பதிவை வண்டி எண் போட்டுச் சேமித்து வையுங்கள். மாங்காய் சீசனில் முழு லோடோடு வந்து “மறுபடி இழுக்கலண்ணா” என்று அதே டிரைவர் நின்றால், ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் வேண்டும்.